வீட்டில் மோட்டார்ஹோமுக்கு 50 ஆம்ப் மின் இணைப்பு: பேனலிலிருந்து சாக்கெட் வரை

அமெரிக்காவில் பெரிய மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) வாங்குபவர்களில் பலர், வண்டியை வீட்டு டிரைவ்வேயில் நிறுத்தியதும் கராஜில் இருக்கும் சாதாரண 15 ஆம்ப் சாக்கெட்டில் அடாப்டர் போட்டுச் செருகிவிடுகிறார்கள். பேட்டரி சார்ஜ் ஆகும், விளக்கு எரியும், பயணத்துக்கு முந்தைய நாளே ஃபிரிட்ஜைக் குளிரவைத்துக்கொள்ளலாம். ஏ.சி.யைப் போட்டால்தான் சிக்கல் வரும். கூரையில் இருக்கும் 13,500 பி.டி.யு. ஏ.சி. ஒன்றே 12 முதல் 16 ஆம்ப் வரை இழுக்கும். கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் அதைப் போலப் பல மடங்கு. மாமனார் மாமியார் வந்து நான்கு நாள் வண்டியில் தங்குவதாக இருந்தால் இரண்டு ஏ.சி., வெந்நீர் ஹீட்டர், மைக்ரோவேவ் எல்லாம் ஒன்றாக ஓட வேண்டும். அதற்கு முறையான 50 ஆம்ப் இணைப்புதான் வழி.

வேலை கடினமானதல்ல. ஆனால் இதில் ஒரு வயரைத் தவறாகக் கட்டினால் வண்டிக்குள் இருக்கும் டிவி, மைக்ரோவேவ், சார்ஜர் எல்லாம் சில நொடிகளில் போய்விடும். அந்த வயர் நியூட்ரல்.

முதலில் இது என்ன இணைப்பு

இந்தியாவிலோ இலங்கையிலோ வயரிங் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கேதான் குழப்பம் வரும். அங்கே வீட்டுக்குள் ஒரு ஃபேஸ், ஒரு நியூட்ரல், இடையில் 230 வோல்ட். அமெரிக்க வீட்டுக்கு இரண்டு ஃபேஸ் வயர்களும் ஒரு நியூட்ரலும் வருகின்றன. எந்த ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 120 வோல்ட். இரண்டு ஃபேஸுக்கும் இடையே 240 வோல்ட்.

மோட்டார்ஹோமின் 50 ஆம்ப் சாக்கெட்டின் பெயர் நீமா 14-50. நான்கு துளை: இரண்டு ஃபேஸ், ஒரு நியூட்ரல், உருண்டையாக ஒரு கிரவுண்ட். வண்டிக்குள் போனதும் இந்த இணைப்பு இரண்டு தனித்தனி 120 வோல்ட் பாதைகளாகப் பிரிகிறது. ஒவ்வொன்றும் 50 ஆம்ப் தரும். மொத்தம் 12,000 வாட். பெரும்பாலான வண்டிகளில் 240 வோல்ட்டில் ஓடும் கருவி ஒன்றுகூட இருக்காது. ஆகவே எல்லா மின்சாரமும் நியூட்ரலைச் சார்ந்தே ஓடுகிறது.

நியூட்ரல் கழன்றால் என்ன ஆகும் என்று கணக்காகப் பாருங்கள். ஒரு பக்கம் 13 ஆம்ப் இழுக்கும் ஏ.சி., மறுபக்கம் டிவியும் சின்னச் சின்ன சாமான்களும் சேர்ந்து 2 ஆம்ப். நியூட்ரல் இருக்கும்வரை இரண்டு பக்கமும் 120 வோல்ட். அது விட்டுப்போன மறுகணம் இரு பக்கமும் தொடராக 240 வோல்ட்டுக்குக் குறுக்கே நின்றுவிடும். ஏ.சி.க்கு 32 வோல்ட்தான் கிடைக்கும். டிவி பக்கம் 208 வோல்ட் ஏறும். பிரேக்கர் விழாது, ஏனென்றால் கரண்ட் கூடவில்லை. கருகிய வாடை வந்த பிறகுதான் தெரியும்.

30 ஆம்ப் வண்டி என்றால்

சிறிய வண்டிகளுக்கு வரும் டிடி-30 சாக்கெட் முற்றிலும் வேறு. மூன்று துளை, ஒரே ஃபேஸ், 120 வோல்ட், 3,600 வாட். 10 கேஜ் செம்பு வயர் (கேஜ் எண் குறையக் குறைய வயரின் தடிமன் கூடும்), ஒற்றைப் பிரேக்கர் 30 ஆம்ப் போதும். இதில் நடக்கும் விபத்து அமெரிக்காவில் மிகப் பழையது: துணி உலர்த்தியின் சாக்கெட்டும் 30 ஆம்ப்தான், பார்வைக்கும் நெருங்கிய சாயல். அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன்கூட அதை நினைத்துக்கொண்டு டிடி-30க்கு 240 வோல்ட் கொடுத்துவிடுவார். வேலையை வேறொருவரிடம் கொடுத்தாலும் "இது 120 வோல்ட்" என்று தாளில் எழுதிக் கொடுங்கள்.

பெர்மிட்டும் பேனல் கணக்கும்

பல மாநிலங்களில் தங்கள் சொந்த வீட்டில் குடியிருப்பவர்கள் பெர்மிட் எடுத்துத் தாங்களே வயரிங் செய்யலாம். சில இடங்களில் உரிமம் பெற்றவர் மட்டுமே செய்யலாம். ஊராட்சியின் கட்டட அலுவலகத்தில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். பெர்மிட்டை வீண் செலவு என்று நினைக்காதீர்கள். பள்ளம் மூடும் முன் இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பது உங்களுக்கு இன்னொரு ஜோடிக் கண். பின்னாளில் தீ விபத்து ஏதேனும் நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கேட்கும் முதல் கேள்விகளில் பெர்மிட்டும் ஒன்று.

பெர்மிட் விண்ணப்பத்தோடு சுமைக் கணக்கு கேட்பார்கள். தேசிய மின் விதித்தொகுப்பின் 2023 பதிப்பு வரை 220ஆம் பிரிவு தரும் எளிய முறையில் ஒரு வீட்டை எடுத்துப் பார்ப்போம். எல்லாம் வாட் கணக்கில்: 2,000 சதுர அடிக்கு 6,000, சமையலறைச் சாக்கெட் இணைப்பு இரண்டுக்கு 3,000, துணி துவைக்கும் இடத்துக்கு 1,500, மின் அடுப்பு 12,000, உலர்த்தி 5,000, வெந்நீர் ஹீட்டர் 4,500, பாத்திரம் கழுவி 1,200. கூட்டினால் 33,200. முதல் 10,000ஐ முழுசாகவும் மீதியை 40 சதவீதமாகவும் எடுத்தால் 19,280. வீட்டு ஏ.சி. 5,000 முழுசாகச் சேர்த்தால் 24,280. 240ஆல் வகுத்தால் 101 ஆம்ப்.

இதன் மேல் மோட்டார்ஹோமின் 12,000 வாட்டை முழுசாகச் சேர்ப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து, கோடையில் இரண்டு ஏ.சி.யும் மணிக்கணக்கில் நிற்காமல் ஓடும் என்பதால். 36,280, அதாவது 151 ஆம்ப். 200 ஆம்ப் பேனல் (வீட்டின் பிரேக்கர்கள் அடங்கிய மெயின் பெட்டி) தாராளமாகத் தாங்கும். 100 ஆம்ப் பேனல் உள்ள பழைய வீட்டில் இதைச் சேர்க்கவே கூடாது. பேனலை மாற்றுங்கள், அல்லது 30 ஆம்ப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுப்பும் உலர்த்தியும் ஹீட்டரும் கேஸில் ஓடும் வீடானால் கணக்கு வெகுவாக இறங்கும், அதையும் போட்டுப் பாருங்கள்.

எங்கே வைப்பது

வண்டியின் மின் கேபிள் வெளிவரும் இடம் ஓட்டுநர் பக்கம், பின்பாதியில் இருக்கும். கேபிளின் நீளம் பெரும்பாலும் 25 முதல் 36 அடி. வண்டியை எப்படி நிறுத்துவீர்களோ அப்படி நிறுத்தி, கேபிளை வெளியே இழுத்து, அது தளர்வாக எட்டும் இடத்தில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். வண்டியை எதிர்த்திசையில் திருப்பி நிறுத்தினால் எட்டுமா என்பதையும் அப்போதே பாருங்கள். மோட்டார்ஹோம்கள் தங்கும் பூங்காக்களில் சாக்கெட் தரையிலிருந்து 2 அடிக்குக் குறையாமல், 6½ அடிக்கு மேற்போகாமல் வைக்கச் சொல்கிறார்கள். வீட்டிலும் 3 அடி உயரம் கைக்கு வசதி. பனி குவியும் ஊரில் 4 அடி.

60 அடி தூரத்துக்கு வேண்டிய சாமான்

கணக்குக்கு வசதியாக, வீட்டு வெளிச்சுவரில் இருக்கும் பேனலிலிருந்து 60 அடி தள்ளி ஒரு கம்பத்தில் பெட்டி வைப்பதாக எடுத்துக்கொள்வோம்.

வயர்: டி.எச்.டபிள்யூ.என்-2 வகை செம்பு, 6 கேஜ் கறுப்பு, சிவப்பு, வெள்ளை ஒவ்வொன்றும் 80 அடி. பச்சை 10 கேஜ் 80 அடி. வெள்ளைக்குப் பதில் கறுப்பு வயர் வாங்கி நுனியில் வெள்ளை டேப் சுற்றுவது 6 கேஜிலும் அதைவிட மெல்லிய வயரிலும் விதிப்படி செல்லாது. முழு நீளமும் வெள்ளையாக இருக்க வேண்டும். பச்சைக்கும் இதே விதி.

பைப்: 1 அங்குல பி.வி.சி. ஷெட்யூல் 40, பத்தடி நீளத்தில் 6. தரையிலிருந்து மேலேறும் இரண்டு இடத்துக்கும் சுவர் தடித்த ஷெட்யூல் 80 ஒரு நீளம், பாதியாக அறுத்து. 90 டிகிரி வளைவு 2, பசை, கிளாம்புகள். ¾ அங்குல ஷெட்யூல் 80 பைப்பின் நிரப்பு வரம்பை இந்த நான்கு வயரும் தாண்டிவிடும், அதனால்தான் 1 அங்குலம். விலை வித்தியாசம் சொற்பம். இழுக்கும்போது கை வலி பாதியாகும்.

பிரேக்கர்: உங்கள் பேனல் நிறுவனத்தின் அதே வகை, இரட்டைத் துருவ 50 ஆம்ப் ஜி.எஃப்.சி.ஐ. (மின்கசிவு தெரிந்தவுடன் துண்டிக்கும் வகை). 2020 பதிப்பு விதித்தொகுப்பு முதல் வீட்டு வெளிப்புறத்தில் 250 வோல்ட் வரையுள்ள சாக்கெட்டுகளுக்கும் ஜி.எஃப்.சி.ஐ. கட்டாயம். உங்கள் மாநிலம் எந்தப் பதிப்பில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கட்டாயமில்லாத ஊரிலும் போடுங்கள்.

கம்பத்துப் பெட்டி: மழைக்கு மூடி உள்ள ஆர்.வி. (மோட்டார்ஹோம் போன்ற வண்டிகளுக்கான) பெட்டி, உள்ளே 50 ஆம்ப் இரட்டைப் பிரேக்கரும் 14-50 சாக்கெட்டும் சேர்ந்தது. கம்பத்திலேயே அணைக்க ஒரு பிரேக்கர் இருப்பது விதிக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. சாக்கெட்டில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். மலிவான சாக்கெட்டில் உள்ளிருக்கும் தகடு மெல்லியது. ஐம்பது தடவை செருகி எடுத்ததும் பிடி தளர்ந்து, நியூட்ரல் துளையைச் சுற்றி பிளாஸ்டிக் டீ நிறத்தில் வளையமாகப் பழுக்கத் தொடங்கும். அந்த நிறம் தெரிந்த நாளே மாற்றிவிட வேண்டும்.

கம்பம்: 4×4 அங்குல மருந்தேற்றிய மரம், 30 அங்குலம் மண்ணுக்குள், கான்கிரீட்டுடன்.

தூரம் கூடினால் வயரும் பெருக்க வேண்டும். 6 கேஜ் செம்பு ஆயிரம் அடிக்கு 0.49 ஓம். 100 அடியில் 50 ஆம்ப் ஓடினால் போக வர 4.9 வோல்ட் குறையும். இரு பக்கமும் சமமாக ஓடும்போது அது 2 சதவீதம்தான், ஒரு பக்கம் மட்டும் ஓடினால் 4 சதவீதம். 120 அடிக்கு மேல் 4 கேஜுக்குப் போங்கள். அப்போது பச்சை வயரையும் அதே விகிதத்தில் 8 கேஜாக உயர்த்த வேண்டும். இதை மறந்து ஆய்வில் திரும்பியவர்கள் நிறையப் பேர்.

மஞ்சள் உறையோ கறுப்பு உறையோ போட்ட வீட்டு உட்புறக் கேபிளை, அதாவது என்.எம்-பி வகையை, பைப்புக்குள் போட்டுப் புதைக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். மண்ணுக்குள் போகும் பைப் எப்படி ஒட்டினாலும் உள்ளே நீர் தங்கும். அந்தக் கேபிளில் வயர்களைச் சுற்றியிருக்கும் காகிதம் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஈரமான இடத்துக்கு அது அனுமதிக்கப்படாததற்கு அதுவும் ஒரு காரணம்.

பள்ளம்

மண்வெட்டி எடுப்பதற்குச் சில வேலை நாட்கள் முன், நிலத்தடிக் குழாய்களையும் வயர்களையும் குறித்துத் தரும் 811 எண்ணை அழையுங்கள். இலவசம். வந்து தரையில் வண்ணம் அடிப்பார்கள்: சிவப்பு மின்சாரம், மஞ்சள் கேஸ், நீலம் குடிநீர், ஆரஞ்சு தொலைத்தொடர்பு, பச்சை சாக்கடை. தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாயையும், நீங்களே போட்ட புரொப்பேன் குழாயையும் அவர்கள் குறிக்க மாட்டார்கள். வண்ணக் கோட்டின் இரு பக்கமும் இரண்டடிக்குக் கையால்தான் தோண்ட வேண்டும்.

பி.வி.சி. பைப்பின் மேல் 18 அங்குல மண் இருக்க வேண்டும். அளவு பைப்பின் தலையிலிருந்து என்பதால், அடியில் பரப்பும் மணலையும் சேர்த்து 22 அங்குலம் தோண்டினால் சரியாக வரும். வீட்டு டிரைவ்வேயின் கீழும் அதே 18. கல்லை எடுத்துவிட்டு அடியில் இரண்டு அங்குலம் மணல் பரப்புங்கள். வயரை இழுக்கும் இரண்டு இடங்களுக்கு இடையில் மொத்த வளைவு 360 டிகிரியைத் தாண்டக் கூடாது. மேலேறும் இரு முனையிலும் ஷெட்யூல் 80. புல் வெட்டும் எந்திரம் இடிக்கும் இடம் அதுதான். மண் உறையும் ஊர்களில் பைப் மேலும் கீழும் நகரும், பெட்டிக்குக் கீழே நழுவு இணைப்பு ஒன்று வைத்தால் பெட்டி பிய்ந்து வராது.

இன்ஸ்பெக்டர் பார்த்த பிறகு பாதி மண் போட்டு, சிவப்பு எச்சரிக்கை நாடாவை விரித்து, மீதியை மூடுங்கள். ஐந்தாண்டு கழித்து அங்கே ரோஜாச் செடி நட வருபவரின் மண்வெட்டி முதலில் அந்த நாடாவில் படும்.

வயர் இழுப்பது

பைப் முழுவதும் ஒட்டி முடித்த பிறகே வயர். பசை காயாத பைப்பில் வயரை இழுத்தால் உறை கரையும். நான்கு நுனியையும் படி படியாகத் தள்ளித் தள்ளிக் கட்டி, கூம்பு மாதிரி டேப் சுற்றுங்கள். ஒரே இடத்தில் முடிச்சாகக் கட்டினால் முதல் வளைவிலேயே சிக்கும். வயர் வழுக்கும் பசையைத் தாராளமாகப் பூசுங்கள். ஒருவர் இழுக்க, ஒருவர் தள்ள, இரண்டு பேர் வேண்டும். இரு முனையிலும் பெட்டிக்குள் ஒரு அடியாவது மிச்சம் விடுங்கள். வீட்டுக்குள் நுழையும் பைப் வாயை மின் வேலைக்கான மெழுகுக் களிம்பால் அடையுங்கள். இல்லாவிட்டால் வீட்டின் வெதுவெதுப்பான காற்று குளிர்ந்த பைப்பில் நீராகி, பேனலுக்குள்ளோ கம்பத்துப் பெட்டிக்குள்ளோ சொட்டும்.

பேனலில்

மெயின் பிரேக்கரை அணைத்தாலும் மீட்டரிலிருந்து வரும் இரண்டு தடித்த வயரும் அவை சேரும் லக்குகளும் (வயரைப் பொருத்தும் உலோக முனைகள்) உயிரோடுதான் இருக்கும். அவற்றை அணைக்க மின் நிறுவனத்தால் மட்டுமே முடியும். இந்த வரியைப் படித்துத் தயக்கம் வந்தால், பள்ளமும் பைப்பும் வயரும் நீங்களே செய்துவிட்டு, பேனல் இணைப்பை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். செலவில் பெரும்பகுதி தோண்டுவதில்தான் இருக்கிறது, அது ஏற்கெனவே மிச்சமாகிவிட்டது.

நீங்களே செய்தால்: மெயினை அணையுங்கள், மல்டிமீட்டரை வேறொரு உயிருள்ள சாக்கெட்டில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பாருங்கள், பிறகு பிரேக்கர்கள் பொருந்தும் உலோகப் பட்டையான பஸ் பாரைச் சோதியுங்கள். இரட்டைத் துருவப் பிரேக்கர் அடுத்தடுத்த இரண்டு இடங்களைப் பிடித்து இரண்டு ஃபேஸையும் தொட வேண்டும். இடமில்லை என்று ஒரே இடத்தில் இரண்டு பிரேக்கர் அடங்கும் குட்டி வகையை வைத்துச் சமாளிக்கக் கூடாது. அதில் இரண்டும் ஒரே ஃபேஸைத் தொடும். சரியான இணைப்பில் ஒரு பக்கம் 30 ஆம்ப், மறுபக்கம் 20 ஓடினால் நியூட்ரலில் மிச்சம் 10தான் ஓடும். ஒரே ஃபேஸில் கட்டிவிட்டால் கழிவதற்குப் பதில் கூடும்: நியூட்ரலில் 50. இரு பக்கமும் முழுச் சுமையானால் 6 கேஜ் வயரில் 100 ஆம்ப். எந்தப் பிரேக்கரும் நியூட்ரலைக் கண்காணிப்பதில்லை, வயர் உருகும்வரை ஒன்றும் விழாது.

கறுப்பும் சிவப்பும் பிரேக்கரின் இரண்டு திருகுக்கு. கம்பத்திலிருந்து வரும் வெள்ளை வயர் ஜி.எஃப்.சி.ஐ. பிரேக்கரில் நியூட்ரல் என்று எழுதிய திருகுக்கு. பிரேக்கரோடு வந்திருக்கும் சுருள் வெள்ளை வால் பேனலின் நியூட்ரல் பட்டைக்கு. கம்பத்து வெள்ளையை நேரே பட்டையில் கட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு, ஏ.சி. போட்டவுடன் பிரேக்கர் விழும். பச்சை கிரவுண்ட் பட்டைக்கு. நியூட்ரல் ஒவ்வொன்றுக்கும் தனித் திருகு.

திருகுகளை முறுக்கு விசையை அளந்து முடுக்கும் டார்க் ஸ்க்ரூடிரைவரால் முடுக்குங்கள். எவ்வளவு என்பது பிரேக்கர், சாக்கெட் இரண்டிலும் அச்சிட்டிருக்கும். கை இறுக்கம் ஏமாற்றும்: பல இழை வயர் முதலில் இறுகியது போலக் காட்டி, இழைகள் அமர்ந்ததும் தளரும். உருகிப்போன சாக்கெட்டுகளைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் அரைச் சுற்று தளர்ந்த ஒரு திருகுதான் உள்ளே இருக்கும்.

கம்பத்துப் பெட்டியில் நியூட்ரலும் கிரவுண்டும் ஒருபோதும் ஒன்றையொன்று தொடக் கூடாது. சில பெட்டிகளில் நியூட்ரல் பட்டையை உலோகத்தோடு சேர்க்கும் ஒரு திருகோ தகடோ வரும். அதைக் கழற்றி எறியுங்கள். அந்த இணைப்பு வீட்டு மெயினில் ஒரே ஒரு இடத்தில்தான். ஒரே ஒரு சர்க்யூட்டும் அதோடு கிரவுண்ட் வயரும் போகும் கம்பத்துக்குத் தனியாகக் கிரவுண்ட் கம்பி அடிக்க விதி கேட்பதில்லை.

வண்டியைச் செருகும் முன்

மல்டிமீட்டர் இல்லாமல் இந்த வேலையை முடித்ததாகச் சொல்லவே கூடாது. பிரேக்கரைப் போட்டு, சாக்கெட்டில் ஆறு அளவு எடுங்கள். உருண்டைத் துளை கிரவுண்ட். அதற்கு நேர் எதிரில் நியூட்ரல். பக்கவாட்டில் இரண்டு ஃபேஸ்.

ஃபேஸ் – ஃபேஸ்: 240 வோல்ட். 0 வந்தால் இரண்டும் ஒரே ஃபேஸ், உடனே நிறுத்துங்கள்.
ஒவ்வொரு ஃபேஸ் – நியூட்ரல்: 120. ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் நியூட்ரல் எங்கோ விட்டிருக்கிறது. ஒன்று 240 காட்டினால் நியூட்ரல் இருக்க வேண்டிய இடத்தில் ஃபேஸைக் கட்டியிருக்கிறீர்கள்.
ஒவ்வொரு ஃபேஸ் – கிரவுண்ட்: 120.
நியூட்ரல் – கிரவுண்ட்: 0 அல்லது அதை ஒட்டி.

சுமையில்லாமல் எடுக்கும் அளவு தளர்ந்த திருகைக் காட்டாது. ஆகவே அடாப்டர் வழியாக ஒரு பக்கத்தில் மட்டும் 1,500 வாட் அறை ஹீட்டரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு இரண்டு பக்கமும் மறுபடி அளந்து பாருங்கள். ஹீட்டர் பக்கம் ஓரிரு வோல்ட் இறங்குவது இயல்பு. மறுபக்கம் அதைவிட அதிகமாக ஏறினால் நியூட்ரல் திருகை மறுபடி முடுக்குங்கள். அதன் பிறகும் வண்டிப் பக்கத்தில் இ.எம்.எஸ். எனப்படும் பாதுகாப்புக் கருவி ஒன்றை இடையில் போடுவது நல்ல முதலீடு. நியூட்ரல் விட்டாலோ, வோல்டேஜ் வழக்கமான 104 – 132 எல்லையைத் தாண்டினாலோ அது இணைப்பைத் துண்டித்துவிடும்.

செருகும்போதும் கழற்றும்போதும் கம்பத்துப் பிரேக்கர் அணைந்திருக்க வேண்டும். சுமையோடு கழற்றினால் பொறி பறந்து பிளக்கின் பித்தளையில் புள்ளி புள்ளியாகக் குழி விழும். அந்தக் குழி அடுத்த முறை சூடாகும்.

ஜி.எஃப்.சி.ஐ. விழுந்துகொண்டே இருந்தால்

பிரேக்கரைக் குறை சொல்லி மாற்றுவதற்கு முன் வண்டியைப் பாருங்கள். 4 முதல் 6 மில்லிஆம்ப் கசிந்தாலே அது விழும்படி செய்யப்பட்டது. வண்டிக்குள் எல்லாப் பிரேக்கரையும் அணைத்துவிட்டுச் செருகுங்கள். அப்போதும் விழுந்தால் வண்டிக்குள் எங்கோ நியூட்ரலும் கிரவுண்டும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. சமீபத்தில் யாராவது சாக்கெட் மாற்றியிருந்தால் அங்கிருந்து தேடத் தொடங்குங்கள். விழவில்லையென்றால் ஒவ்வொன்றாகப் போடுங்கள். பெரும்பாலும் மாட்டுவது வெந்நீர் ஹீட்டரின் எலிமென்ட்: தொட்டியில் நீர் இல்லாமல் ஒருமுறை போட்டிருந்தால் உறை வெடித்துக் கசியத் தொடங்கியிருக்கும். பெரிய இன்வெர்ட்டர் உள்ள வண்டிகளில், வெளி மின்சாரத்துக்கு மாறும் கணத்தில் ரிலே நியூட்ரலையும் கிரவுண்டையும் சற்றே சேர்த்துப் பிடிப்பதாலும் விழுவதுண்டு. இன்வெர்ட்டரை முதலில் அணைத்துவிட்டுச் செருகிப் பாருங்கள், விழவில்லை என்றால் காரணம் அதுதான்.

இதே சாக்கெட்டில் மின்சார காரையும் சார்ஜ் செய்ய நினைப்பவர்கள், சார்ஜரை 40 ஆம்ப்புக்கு மேல் வைக்காதீர்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் சுமைக்கு 50 ஆம்ப் பிரேக்கரில் அதுதான் எல்லை. முதல் இரவு ஒரு மணி நேரம் ஓடியதும் வெளியே வந்து பிளக்கின் மேல் உள்ளங்கையை வையுங்கள். வெதுவெதுப்பு சரி. கையை எடுக்கத் தோன்றும் சூடு என்றால் பிரேக்கரை அணைத்து, பேனலிலும் அணைத்து, பெட்டியைத் திறந்து திருகுகளைப் பாருங்கள். முதலில் வெள்ளை வயர்.